பதினாறு வீட்டு லைனில் குழந்தையே இல்லை

குழந்தையைத் தூங்கவைக்கத் தெரிந்த ஒரே பிறவி இந்த உலகத்தில் அங்கம்மாதான். அவள் இரண்டு தட்டுத் தட்டினால் தொட்டபெட்டா மலையே குப்புறப் படுத்துக் குறட்டை விடும். ஒரு தடவை நாடுகாணிப் பக்கமிருந்து வந்த ஒற்றைக் கொம்பன் அவள் தாலாட்டைக் கேட்டு லைன் வீடுகளுக்குப் பின்னாலேயே நின்றபடி தூங்கிவிட்டு, வந்த காரியமான வாழைத்தாரை மறந்து திரும்பிப் போனது. சாட்சி வேண்டுமென்றால் யானையைத்தான் கேட்க வேண்டும்.

யானையை விடுங்கள். தேவாலாவுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் புள்ளக்காம்பரா ஆயாவாக இருந்தவள் அவள் என்பது சத்தியமான உண்மை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற அறைதான் புள்ளக்காம்பரா. சிலோனிலிருந்து வந்தவர்கள் மூட்டையோடு கொண்டுவந்த சொல். சுவரில் ஆபீஸ்காரர்கள் 'கிரெச்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை மதித்தவர் யாருமில்லை.

எந்தப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினாலும், அதன் அம்மா உடுத்திய சேலையில்தான் அங்கம்மா கட்டுவாள். அதுவும் துவைக்காத சேலையில். "சோப்பு வாசத்துல எந்தப் புள்ளடி தூங்கும்?" என்பாள்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள். புள்ளக்காம்பராவைப் பூட்டினார்கள். சாவியைத் திருப்பிக் கேட்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அங்கம்மாவும் ஞாபகப்படுத்தவில்லை. லைனில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டு ராஜசேகரும் சுசீலாவும், "ரெண்டே மாசம்க்கா" என்று மூன்று வயது சுகந்தியை அங்கம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாசம் பதினாலு மாசமாயிற்று. சுசீலாவின் சேலையில் சுசீலாவின் வாசம் தீர்ந்துபோக, பிள்ளை அங்கம்மாவின் சேலையில் தூங்கப் பழகியது. பெற்றவள் கூப்பிட்ட மாதிரியே அதுவும் "அங்கம்மாக்கா" என்றுதான் கூப்பிட்டது.

அந்த ஆடி மழையில்தான் வாட்ச்மேன் மூக்கன் தேவாலா டீக்கடையிலிருந்து சேதி கொண்டுவந்தான்.

"கோயமுத்தூர் காலேஜ்ல இருந்து ஒரு பொண்ணு வருது. வீடு வீடா புள்ளைகள எழுதுதாம். ஆராய்ச்சியாம்."

"ஆராய்ச்சின்னா?" என்றாள் கடைசி வீட்டு இசக்கியம்மா.

"எலிக்குப் பண்ணுவாங்கல்ல, அது."

"புள்ளைகளுக்கு எதுக்குடா அது?"

"அப்பன் ஆத்தா கூட இல்லாத புள்ளைகள வண்டியில ஏத்தி கீழ விடுதிக்குக் கொண்டு போயிருவாங்களாம். ஏற்கெனவே நாலு புள்ள போயிருச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தவன பாத்தேன்."

அங்கம்மா சுகந்தியின் கையைப் பிடித்தாள். பிள்ளை "வலிக்குது" என்று சிணுங்கிய பிறகும் விடவில்லை.

அந்த லைனில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பேப்பரோடு வந்தால், அது எதற்கான பேப்பர் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். ரேஷனுக்கு என்றால் வீட்டுக்கு இரண்டு பிள்ளை கூடும். வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த பேப்பர் என்றால் வீட்டுக்கு ஒரு நோயாளி முளைப்பார். இந்தத் தடவை பிள்ளைகளைக் குறைப்பது என்று முடிவாயிற்று. ஒருவர் குறைத்து ஒருவர் குறைக்காவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று, லைனில் பிள்ளையே இல்லையென ஒரேயடியாகத் தீர்த்தே விட்டார்கள்.

காலை பத்து மணிக்குப் பதினோரு பிள்ளைகள் புள்ளக்காம்பராவுக்குள் போயின. பத்தரைக்குப் பதினொன்றும் தூங்கின. அங்கம்மா கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, 'பெரியம்மா' என்று அங்கம்மாவையே சுற்றி வருகிற பிரீத்தியை ரோட்டு வளைவில் நிறுத்தினார்கள். ஆள் வந்தால் சீட்டியடிக்க வேண்டும். சீட்டி கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது. மழை என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

வந்த பெண்ணின் பெயர் ராஜப்ரியா. குடை பாதி மடங்கி, செருப்பில் சேறு. வீடு வீடாகக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை. இசக்கியம்மா வீட்டுக் கொடியில் ஐந்து குட்டைப் பாவாடை தொங்கியது.

"இதெல்லாம் யாருதுங்க?"

"என்னோடதுதான். மழையில சுருங்கிப் போச்சு."

ராஜப்ரியா அதையும் சிரிக்காமல் எழுதிக்கொண்டு, கடைசியில் புள்ளக்காம்பராப் படிக்கு வந்தாள்.

"ஏனுங்கக்கா, உட்காரலாங்களா?"

அவள் கணுக்காலில் அட்டை ஒன்று உருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எதிரியென்றாலும் அட்டையோடு எப்படி உட்காரவைப்பது? அங்கம்மா வாயிலிருந்த புகையிலைச் சாற்றைத் தொட்டு வைத்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. விழுந்ததும் விசாரணையைத் தொடங்கினாள்.

"அப்பா என்ன வேல?"

"மளிகைக் கடைங்க."

"வயசு?"

"இருபத்தி மூணுங்க."

"கல்யாணம்?"

"இன்னும் இல்லீங்க."

"ஏன், உடம்புல ஏதும் கோளாறா?"

ராஜப்ரியாவின் முகம் சிவந்தது.

"ஒரு மாதிரியா இருக்குல்ல?" என்றாள் அங்கம்மா. "எங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்."

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பிள்ளை முனகியது. அங்கம்மா திரும்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கதவுப் பலகையில் தட்டினாள். தட், தட், தட். முனகல் அடங்கியது.

"கரையான் இருக்கான்னு பாத்தேன்" என்றாள்.

ராஜப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, சுகந்தி உள்ளதான் தூங்குறாளுங்களா?"

தட்டிய கை பலகையிலேயே நின்றது.

"யாரு சொன்னா?"

"வழியில ஒருத்தங்க சொன்னாங்க. பேரு வேண்டாமுங்க."

அங்கம்மாவின் கண் லைன் முழுக்க ஓடியது. மூக்கனா? நாலு பேர் எதிரில் அவனைத் திட்டியது போன வாரம்தான். இசக்கியம்மாவா? அவளுக்கு வாய் நிற்காது. "எந்தப் புள்ளையையும் வண்டியில ஏத்த விடமாட்டேன்" என்றாள்.

"வண்டி ஏதுங்க? நாலு மணி பஸ்ஸை விட்டா எனக்கே போக வழியில்லீங்க."

"பொறகு எதுக்கு எழுதுற?"

"பெத்தவங்க வேலைக்குப் போன ஊட்டுல புள்ளைகள யாரு பாத்துக்கறாங்க, அவங்களுக்கு என்ன ஒத்தாசை வேணும், அதத்தானுங்க. பாத்துக்கறவங்க பேரு எந்த ஆபீஸ்லயும் இல்லீங்க. நாளைக்குச் சுகந்திக்குக் காய்ச்சல்னு கூடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறீங்க. நீங்க யாருன்னு கேப்பாங்க. என்னங்க சொல்லுவீங்க?"

அங்கம்மா மழையைப் பார்த்தாள். அவளுக்கு அவளுடைய அப்பா ஞாபகம் வந்தது. சிலோன் தோட்டத்தில் பெயர் எழுத ஒரு கிளார்க் வந்தபோது, எழுதின தலைக்கெல்லாம் வரி போடுவான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூத்தவள் கருப்பம்மாவைத் தேயிலைச் செடிக்குள் ஒளித்துவைத்தார் அப்பா. அது வரிக்கான பேப்பர் இல்லை, இந்தியாவுக்குத் திரும்புகிற பேப்பர். கப்பலுக்கு ஐந்து பேருக்குத்தான் சீட்டு வந்தது. கருப்பம்மாவின் பெயர் எதிலும் இல்லை. மாமா வீட்டு வாசலில் நின்று கையாட்டிய அக்காவை அங்கம்மா கடைசியாகப் பார்த்தது பதினாறு வயதில்.

பேப்பரோடு வருகிறவர்களை நம்பக் கூடாது என்றுதான் அதிலிருந்து இவ்வளவு காலமும் அவள் நினைத்திருந்தாள். ஒளித்தது யார் என்று யோசித்ததில்லை.

"எழுது" என்றாள் கடைசியில். "ஆனா எழுதினத வாசிச்சுக் காட்டணும். நீ இல்ல, எங்க ஆளு. பிரீத்தி! இங்க வாடி!"

பிரீத்தி வந்தாள். ராஜப்ரியா கேட்டுக் கேட்டு எழுதி முடித்த பேப்பரை வாங்கி, தொண்டையைக் கனைத்து, "பெயர் அங்கம்மா. வயது தொண்ணூறு" என்றாள்.

"நாப்பத்தி நாலுன்னுதானுங்க எழுதியிருக்கேன்!" என்று பதறினாள் ராஜப்ரியா.

"ஒழுங்கா வாசிடி, செருப்பால அடிப்பேன்."

"குழந்தைக்கு என்ன உறவு... இதர."

"அப்படின்னா?"

"மத்தபடின்னு அர்த்தம், பெரியம்மா. ஆடு மாடு மாதிரி."

அங்கம்மா எழுந்து நின்றாள். "பதினாலு மாசம் என் சேலையில தூங்குன புள்ளைக்கு நான் மத்தபடியா? அத அடிச்சிரு."

"இதுல அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, சொந்தம், இதர, இவ்வளவுதானுங்க இருக்கு."

"அப்ப உன் பேப்பர்லதான் கோளாறு."

ராஜப்ரியா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள். பிறகு கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், 'வளர்ப்பவர்' என்று எழுதினாள். பிரீத்தி அதை மட்டும் விளையாடாமல் வாசித்தாள். அங்கம்மா இரண்டாவது தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கதவைத் திறந்துவிட்டாள்.

ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று லைனில் யாருக்கும் தெரியாது. ஆனால் ராஜப்ரியா திருப்பூருக்குப் போய், சுகந்தியைப் பார்த்துக்கொள்பவள் அங்கம்மாதான் என்று சுசீலாவிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் அனுப்பினாள். அதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் சுகந்தியைச் சேர்க்கும்போது, வளர்ப்பவர் என்ற இடத்தில் அங்கம்மா கைநாட்டு வைத்தாள். ஆனால் துப்புக் கொடுத்தது யாரென்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மூக்கன்தான் என்று இன்றுவரை அவனுக்கு டீ கொடுப்பதில்லை.

இவ்வளவையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, பிரீத்தி போன ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். யானை வந்த இடத்தில் அங்கம்மா சிரித்தாள். கருப்பம்மா வந்த இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"மூக்கனுக்கு டீ குடுக்காதது வேற விஷயம். ஆமா, அந்தப் பொண்ணு 'சுகந்தி'ன்னா கேட்டுச்சு?"

"ஆமா, பெரியம்மா."

"இல்லடி. 'அட்டைக்குட்டி உள்ள தூங்குதுங்களா'ன்னு கேட்டுச்சு. என் முதுகுல தொத்திக்கிட்டே திரியுதுன்னு அவள அட்டைக்குட்டின்னு கூப்பிடற கழுத இந்த லைன்ல ஒண்ணே ஒண்ணுதான். வளைவுல நின்னுக்கிட்டு, 'எங்க பெரியம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா அவள யாரு பாத்துப்பா'ன்னு அழுதுச்சாமே அந்தக் கழுத, அந்தப் பொண்ணே பொறகு சொல்லுச்சு. அத ஏன்டி எழுதல?"