டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலி

எங்கள் சித்தூர் டாக்டரின் அறையில் நோயாளிக்கு ஒரு ஸ்டூல், கூட வந்தவருக்கு ஒரு நாற்காலி. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் என் தலைக்கு மேலாக, நாற்காலியில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் பேசுவார். என் காய்ச்சல், என் சர்க்கரை, எல்லாம் அவரிடம்தான். இருபது வருஷமாக இதே கதை. நல்ல மனுஷர், கைராசிக்காரர். அதனால்தான் எனக்குக் கோபம் வர இத்தனை நாளாயிற்று.

என் அக்கா மார்புப் புற்றுநோயில் போனாள். அவளுக்கும் இதே டாக்டர், இதே ஸ்டூல். அத்தானுக்கு எல்லாம் தெரியும். அவளிடம் 'கட்டி' என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. என்ன வியாதி என்று தெரியாமலே செத்தாள். யார் மனசு நோகும் என்பதற்காகவும் இதை நான் மென்று விழுங்கப் போவதில்லை.

போன வருஷம் சளிக்குப் போனோம். நர்ஸ் எனக்கு ஊசி போட உள்ளே அழைத்துப் போன நேரத்தில், டாக்டர் என் வீட்டுக்காரரிடம் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரிய ஐந்து மாசம் ஆயிற்று. எங்கள் சபையில் பாதி வீடுகளில் டாக்டர் சீட்டு நேராக பைபிளுக்குள்தான் போகும். அதன்மேல் கை வைத்து ஜெபம் நடக்கும். என் மூக்குக்கண்ணாடி உடைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பெரிய எழுத்து பைபிளைத் திறந்தேன். சீட்டு விழுந்தது. தூரமாகப் பிடித்துக் கஷ்டப்பட்டுப் படித்தேன். மேமோகிராம், திருப்பதி, அக்காவுக்கு இருந்தது, முடிந்தால் பார்க்கவும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

முடிந்தால்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இது இன்னாங்க?"

"நீ பயந்துடுவேன்னு சொல்லல. தெனமும் ஜெபம் பண்ணிக்கினுதான் கீறேன்."

"பண்ணுங்க. பஸ்ல ஒக்காந்துக்கினும் பண்ணலாம். நாளைக்கு நான் திருப்பதி போறேன்."

மறுநாள் அவரும் கூடவே வந்தார்.

திருப்பதியில் படம் எடுக்கும் பெண் அவரை வெளியே நிற்கச் சொன்னாள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவோம், வலிக்கும், கொஞ்ச நேரம்தான், ரிப்போர்ட்டை டாக்டரம்மா உங்களிடமே சொல்வார் என்றாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் டாக்டருக்கு இருபது வருஷத்தில் அந்த அரை நிமிஷம் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த டெஸ்ட்டுகள் முடிந்து, டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். புற்றுநோய்தான், சின்னது, ஆபரேஷன் செய்தால் சரியாகும். அங்கேயே அழுதேன். அழுது முடித்துவிட்டு, ஐந்து மாசம் முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். இன்னும் சின்னதாக இருந்திருக்கும் என்றார்.

ஆபரேஷன் முடிந்து, தேறியதும் ஃபைலோடு சித்தூர் டாக்டரிடம் போனேன். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டரின் கண் பழக்க தோஷத்தில் அவரிடமே போயிற்று.

"எல்லாம் நல்லபடியா ஆச்சா சார்?"

"ஆபரேஷன் எனக்கு, டாக்டர். இப்பிடிப் பாருங்க."

பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்டயே சொல்லியிருக்கணும்மா."

"எங்க அக்காகிட்டயும் சொல்லியிருக்கணும்."

அவர் தலை குனிந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. ஃபைலைத் திறந்து அவர் பக்கம் தள்ளி, முதல் பக்கத்திலிருந்து எனக்குப் படித்துச் சொல்லச் சொன்னேன்.