மூலம்

கரும்பலகையில் ‘வர்க்கமூலம்’ என்று எழுதித் திரும்பினால் போதும், ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிடும். ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் சுவருக்குச் சுவர் ‘மூலம், பௌத்திரம்’ என்று வைத்தியர்கள் விளம்பரம் எழுதியிருந்த காலம். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மூலம் என்றால் வேர், ஒன்பது முளைத்தது மூன்று என்ற வேரிலிருந்து என்று விளக்குவேன். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது என்பதைச் சொன்னதில்லை. நான் பிறந்தது மூல நட்சத்திரத்தில்.

‘பெண் மூலம் நிர்மூலம்.’ மூல நட்சத்திரக்காரி மருமகளாக வந்தால் மாமனார் போய்விடுவாராம். நாங்கள் சௌராஷ்டிரர்கள், வீட்டில் உப்பு கேட்பதும் சண்டை போடுவதும் எங்கள் பாஷையில்தான். இந்தப் பழமொழியை மட்டும் அம்மா சுத்தத் தமிழில் சொல்லி அழுவாள். தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகத் தேடினார்கள். யாரோ ஒரு மனிதர் செத்திருந்தால்தான் எனக்குக் கல்யாணம். அப்படியும் அமையவில்லை; பிறகு தகப்பன் இருக்கிற வீடுகளிலும் கேட்டுப் பார்த்தார்கள். தரகர் எந்தெந்த வீட்டுக்கு ஜாதகத்தைக் கொண்டுபோனார் என்றுகூட எனக்குச் சொன்னதில்லை. தங்கைகள் கல்யாணமாகிப் போனார்கள், பெற்றவர்களும் போனார்கள். நாற்பது வயதில், ஒரு டம்ளர் அரிசி பொங்கினால் எனக்கு இரண்டு வேளைக்கு வந்தது.

எங்கள் பள்ளித் தமிழய்யாவும் எங்கள் சனம்தான். ஒற்றெழுத்து பிசகினாலும் அரை மதிப்பெண் குறைப்பவர். அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தின வாரம், ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் சொன்னார்.

“டீச்சர், அது பெண் மூலம் இல்ல, பின் மூலம். கடைசிப் பாதத்தச் சொன்னதுன்னு படிச்சவங்க சொல்வாங்க. சனம் வாய்க்கு வந்தபடி பெண்ணுன்னு ஆக்கிருச்சு.”

நான் முதல் பாதம். சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

“இது உங்களுக்கு எப்ப தெரியும் ஐயா?”

“புலவர் படிக்கையிலயே தெரியும்.” பேனாவை மூடினார். “உங்க ஜாதகம் என் தம்பிக்கு வந்துச்சு. வீட்டுல எல்லாருக்கும் சம்மதம். வேணாம்னது நான்தான். அப்பா இருந்தாரு டீச்சர். தெரிஞ்சும் பயமா இருந்துச்சு.”

கோபப்பட நினைத்தேன். வாய் வேறு எதையோ கேட்டது.

“அப்பா இப்ப எப்படி இருக்காரு?”

“ஜாதகம் வந்த வருஷம் ஆடியிலயே போயிட்டாரு. தம்பிக்கு வேற பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே.”

மிச்சமிருந்த தாள்களைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

இப்போது நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். அவரைத் திட்டிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. தெரிந்தவரே பயந்தால் தெரியாதவர்களை என்ன சொல்ல? நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போயிருந்தாலும் அந்தப் பெரியவர் அந்த ஆடியில் செத்துத்தான் இருப்பார். பார்த்தாயா, பலித்துவிட்டது என்று ஆயுசு முழுக்க ஏசியிருப்பார்கள். ஏசட்டுமே. ஏசுவதற்காவது நாலு பேர் இருந்திருப்பார்கள்.