எதற்கோ காத்திருந்த வரி

“அடுத்தவங்க வீட்டுக் குழாய்க்கு நீங்க ஏன் அண்ணி வாஷர் மாத்தறீங்க?” என்று தங்கை கேட்டாள். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி அந்த வீட்டுக்கு வந்த புதிது. ‘சாப்பிட்டியா’, ‘கிளம்பியாச்சா’ என்பதைத் தாண்டி அதுவரை இருவரும் பேசியதில்லை.

அண்ணி இஸ்திரி மேசைமேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே யாரோ எழுதிய சாஃப்ட்வேர் ஒன்றைச் சரிசெய்து தட்டிக்கொண்டிருந்தாள். “அடுத்தவங்க வீடு இல்ல. இது பொதுக் குழாய். யார் வேணா திறந்து பார்க்கலாம், சரி பண்ணலாம்.”

“கம்ப்யூட்டரையே ஓட்டற சாஃப்ட்வேர்ல யார் வேணா கை வைக்கலாமா?”

“வைக்கலாம். ஆனா ஏன் வைச்சேன்னு காரணம் எழுதணும்.”

“எழுதலைன்னா?”

“திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கு அது பழகிப்போச்சு.”

குளியலறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். “எழுதறதைப் பார்த்து ஏத்துக்கறதுக்கு அங்க ஒரு ஹெட்மாஸ்டர் இருக்கார். என் மாமனாரை விடக் கறார்!”

“எங்கப்பா கறாரா இருந்திருந்தா நான் இங்க வந்திருப்பேனா?” என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

தங்கை சிரித்துவிட்டாள். பேச்சுக்குக் கணக்குப் பார்ப்பவள் என்று பெயரெடுத்தவள் அவள். அண்ணன் அவளை ‘மௌனச்சாமி’ என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அன்றைக்குப் பிறகு, காலையில் காபி டம்ளரோடு இஸ்திரி மேசைப் பக்கம் போய் நிற்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அண்ணிக்கு வேலை ஒரு ஸ்கேன் சென்டரில், எக்ஸ்ரே எடுப்பது. மதியத்துக்கு மேல்தான் ஷிஃப்ட். காலை முழுக்க இந்தப் பொதுக் குழாய். புதிதாக எழுதியதை ஓடவிடும் முன் லேப்டாப்பைப் பார்த்து, “மூச்சை இழுத்துப் பிடிங்க… அசையாதீங்க…” என்பாள். ஓடி முடிந்ததும், “ம், விடலாம்.” ஸ்கேன் சென்டர் கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்துபோய், ரிப்பேருக்கு வந்தவரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன ஒரு நாளில், உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தவள், பிறகு வெளியே வரவே இல்லை.

அந்த சாஃப்ட்வேரில் கீபோர்டைக் கவனிக்கும் பகுதியில்தான் அந்த வரியைக் கண்டாள். ஓர் எழுத்தைத் தட்டியதும், அதே எழுத்து மறுபடி வந்தால் சிஸ்டம் கண்ணிமைக்கும் நேரம் அதை வாங்காமல் சும்மா இருந்தது. வேகமாகத் தட்டுகிறவர்களுக்கு இரட்டை எழுத்துகளில் ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஏன் இந்தக் காத்திருப்பு? பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. எழுதியவர் எப்போதோ ஒதுங்கிவிட்டார். எதற்கு வம்பு என்று யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

தெருவில் ஒரு வீடு விடாமல் கீபோர்டுகளை இரவல் வாங்கிச் சோதித்து, அண்ணி அந்த வரியை நீக்கினாள். பக்கம் பக்கமாகக் காரணம் எழுதினாள். ஹெட்மாஸ்டரிடமிருந்து வந்த பதில் ஒரே வார்த்தை: நன்று. அதை அண்ணி வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். அண்ணன் இரண்டாவது முறையும் பார்க்க வேண்டியதாயிற்று.

சில மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து படித்த தங்கை, “என்ன அண்ணி இவர், ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு ரெண்டா போட்டிருக்கார்? திக்குவாய் கீபோர்டா?” என்று கேட்டாள். அண்ணி சிரிக்கவில்லை.

எங்கோ ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவர் அவர். கொஞ்ச காலமாகக் கை நடுங்குகிறதாம். ஆனாலும் எழுத்து பிசகியதில்லை. போன வாரம் அலுவலகத்து சிஸ்டம்களைப் புதுப்பித்தார்கள்; அன்றிலிருந்து இப்படி. இதைத் தடுக்க செட்டிங் இருப்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதை அவரே மாற்ற முடியாது; மாற்றித்தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டால் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொன்னால் வேலை நிலைக்குமா, தெரியாது. மாற்றத்தின் கீழே அண்ணியின் பெயர் இருந்ததால் அவளுக்கு மட்டும் எழுதியிருந்தார்.

நடுங்கும் விரலின் இரண்டாவது தட்டலை இத்தனை நாளும் அந்த வரி தன்னையறியாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணி லேப்டாப்பை மூடிவிட்டு, மடித்த சட்டையையே எடுத்து மறுபடி மடித்தாள். நேற்றுவரை ஒருவருக்கு ஓடியது இன்றைக்கு ஓடாமல் போனால், மாற்றம் எத்தனை சரியானாலும் திரும்பப் பெற வேண்டும். அவர்கள் வட்டத்தில் அதுதான் முறை.

“ஒரே ஒரு ஆளுக்காகவா?” என்றான் அண்ணன்.

“எழுதினது ஒருத்தர். எழுதாதவங்க எத்தனை பேரோ? வேகமா தட்டறவங்களுக்கு வேற வழி பார்க்கறேன். முதல்ல இதைத் திரும்ப வைக்கணும்.”

வைப்பது நிமிட வேலை. காரணம் எழுதும் இடத்தில்தான் அண்ணியின் கை நின்றது. அங்கே எழுதுவதை உலகமே படிக்கும், என்றைக்கும் அழியாது. அவருடைய அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கிறவர்களும் படிப்பார்கள்; கை நடுக்கம் என்று இருந்தால் யாரென்று யூகித்துவிடுவார்கள். காரணமில்லாமல் அனுப்பினால் ஹெட்மாஸ்டர் ஏற்கமாட்டார். ஏற்றாலும், வரி பழையபடி அநாதையாக நிற்கும்.

எழுதுவதும் அழிப்பதுமாக அந்தக் காலை போயிற்று. ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம். தங்கை ஒரு பதிப்பகத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கிறவள். அவளுடைய அறை வாசலில் வந்து நின்றாள் அண்ணி. அதற்கு முன் அவள் தங்கையிடம் எதுவும் கேட்டதில்லை.

“ரெண்டு பாஷையிலயும் எழுதறவ நீ. எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேணும். நாளைக்கு என்னை மாதிரி ஒருத்தி இந்த வரியை அழிக்க வந்தா, அதைப் படிச்சதும் கையை எடுத்துடணும். அவர் ஆபீஸ்ல யாராவது படிச்சா, அவர் ஞாபகம் வரக்கூடாது. பொய்யும் இருக்கக்கூடாது. எழுதித் தர்றியா?”