பஸ்ஸில் பாதரசம் அரைத்தவர்

எழுபதுகளில் ஒரு மழைநாள். பீர்மேட்டுக்கு மலையேறும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், பழுப்பேறிய முண்டாசு. மடியில் மருந்தரைக்கும் சின்னக் கல்வம். அதில் பச்சிலைச் சாறு விட்டுப் பாதரசத்தை அரைத்துக்கொண்டே வந்தார். எந்த வளைவிலும் அவர் கை நிற்கவில்லை.

"தங்கம் பண்ணவா அண்ணாச்சி?" என்றேன்.

"தங்கம் எவனுக்கு வேணும்? ஓடிக்கிட்டே இருக்குறத மணியாக் கட்டி ஓரிடத்துல உக்கார வைக்கணும். நடுவுல கை நின்னுச்சுன்னா, திரும்ப முதல்லேருந்து அரைக்கணும்."

கல் உரசும் சத்தம் பொறுக்காமல் மலையாளிக் கண்டக்டர் வந்தார். "அண்ணாச்சி, ஒண்ணுகில் அத நிறுத்து, அல்லெங்கில் இறங்கு."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வண்டிய நிறுத்துங்க" என்றார்.

"பீர்மேடு இன்னும் ரொம்ப தூரம்" என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கொட்டும் மழையில் இறங்கிவிட்டார்.

மேல் வளைவில் பஸ் திரும்பியபோது கீழே பார்த்தேன். கல்வத்தை இடக்கையால் நெஞ்சோடு அணைத்து, ஒரு சொட்டும் உள்ளே விழாதபடி அதன்மேல் கவிந்து, அரைத்தபடியே ஏறி வந்துகொண்டிருந்தார்.

பாதரசம் மணியாகக் கட்டியதா என்பது எனக்குத் தெரியாது. அந்த வலக்கை எங்கேயாவது நின்றிருக்கும் என்று மட்டும் இன்றுவரை நம்ப முடியவில்லை.