பாவா கொண்டுவந்த வெள்ளை ஒயின்

உலகச் சண்டை முடிந்த வருஷம், கிறிஸ்துமஸுக்குப் பாண்டிச்சேரியிலிருந்து அக்காவும் அவள் புருஷனும் திருத்தணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாவா அங்கே பிரெஞ்சு ஒயின் கடை ஒன்றில் வேலை பார்த்தார். முதலாளி கொடுத்ததென்று ஒரு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்திருந்தார்.

அன்றைக்கு அம்மா மிளகாய் தூக்கலாக ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். நைனா சாப்பாட்டுக்கு நடுவே ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னா மாப்ளே, புளிச்ச தண்ணியாட்டம் இருக்குது?"

"காரம் அதை அமுக்கிடுச்சிங்க மாமா. இது மீனுக்கு ஏத்தது."

மாப்பிள்ளை தன் சமையலைக் குறை சொல்கிறார் என்று அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்புறம் அவரோடு பேசவில்லை.

மறுநாள் பாவாவே ஏரி விரால் வாங்கிவந்து, உப்பும் துளி மிளகும் தடவி நெய்யில் வறுத்தார். மீதி ஒயினைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் குளிரவைத்திருந்தார்.

"ரெண்டு ஜாதி திராட்சை கலந்ததுங்க அத்தை. ஒண்ணு புளிப்புக்கு, இன்னொண்ணு வழவழப்புக்கு," என்று அம்மாவிடம் அரை டம்ளர் நீட்டினார்.

அம்மா மீனைத் தின்றுவிட்டுத் தயங்கித் தயங்கி ஒரு மடக்கு குடித்தாள்.

"ஆங், எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி நல்லாதான் இருக்குது. நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க," என்றாள். டம்ளரைக் காலி செய்த பிறகுதான் கீழே வைத்தாள்.