எலக்ட்ரானைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தபோது

லேசர் வேலையில் இருப்பவனுக்குப் பாதி நாள் கண்ணாடியைத் திருகுவதிலும், மீதி நாள் திருகியது சரிதானா என்ற கவலையிலும் போய்விடும். இருட்டறையில் உட்கார்ந்து கண் பூத்துப்போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சாயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம். ஒளி பட்டதும் மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே கேள்வி. முதல் ஒளித்துடிப்பு அதைக் கிளப்பிவிடும். சற்றுப் பின்னால் வரும் இரண்டாவது துடிப்பு அது எங்கே என்று பார்க்கும். என் ஆராய்ச்சி மாணவி வைதேகியின் டாக்டர் பட்டம் அந்த ஒரு கேள்வியை நம்பி இருந்தது.

தட்டினால்தான்

எங்கள் லேசருக்கு ஸ்விட்ச் போட்டால் ஒளி வரும், துடிப்பு வராது. உள்ளே ஒரு கண்ணாடியை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். ஏன் என்பதற்குப் பக்கம் பக்கமாகச் சமன்பாடு உண்டு. பார்வையிட வந்த கணக்கு அதிகாரியின் முன்னால் வைதேகி தட்டினாள். துடிப்பு வந்தது. அவர் என் காதருகே குனிந்து, "வெளிநாட்டுச் சாமானும் எங்க வீட்டு டிவி மாதிரிதானா சார்?" என்றார்.

வீட்டுக்காரரின் கேள்வி

அக்ரஹாரம் என்ற பகுதியில் நான் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற தமிழர். கன்னடக்காரர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல என்னை "மேஷ்ட்ரே" என்றுதான் கூப்பிடுவார். என்ன வேலை என்று கேட்டார். ஒரு விநாடியைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி கோடிப் பங்காக்கச் சொன்னேன். எலக்ட்ரான் நகர அதில் சில பங்குகள் போதும் என்றேன். இதனால் யாருக்கு என்ன என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவர் இன்னும் எளிதாகக் கேட்டுவிட்டார்: "அவ்வளவு சீக்கிரம் போய் அது என்ன மேஷ்ட்ரே பண்ணப்போறது? எங்க ரயிலே இன்னும் நேரத்துக்கு வரலை."

காலி

ஒருநாள் வரைபடத்தில் செங்குத்தாக ஒரு சிகரம் எழுந்தது. எலக்ட்ரானின் தாவல்! மறுநாள் வைதேகி வீட்டிலிருந்து கேசரி கொண்டுவந்தாள். இரண்டாவது வாயில் எனக்குச் சந்தேகம் வந்தது. சிகரத்தின் அகலம் எங்கள் துடிப்பின் அகலமாகவே இருந்தது. நாங்கள் பார்த்தது மூலக்கூறையா, இரண்டு துடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததையா? சாயத்தைக் கரைக்கும் மெத்தனாலை மட்டும், சாயம் கலக்காமல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். அதற்கு எங்கள் பேச்சில் 'காலி ஓட்டம்' என்று பெயர்.

"ஒரு காலி ஓட்டம் பார்த்துடலாமே" என்றேன்.

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அதிலயும் வந்துதுன்னா நாமதான் சார் காலி."

வால்

வந்தது. சாயமே இல்லாத மெத்தனாலிலும் அதே சிகரம். நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு கணம் தோன்றியது. உடனே கூச்சமாகவும் இருந்தது.

வைதேகி என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வரைபடங்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். சிகரங்கள் பொருந்தின. ஆனால் சிகரம் முடிந்த இடத்தில், சாயத்தின் கோடு மட்டும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டு போயிற்று. அந்தச் சரிவை நாங்கள் அதுவரை பொருட்படுத்தியதே இல்லை. திரும்பத் திரும்ப அளந்தோம். ஒவ்வொரு முறையும் இருந்தது. சாயத்தில் மட்டும் வரும் அந்தச் சரிவுதான் எலக்ட்ரானின் ஓட்டம்; அது நாங்கள் நினைத்ததைவிட நிதானமாகத்தான் போகிறது.

அவள் வரைபடங்களை ஜன்னலிலிருந்து எடுத்தாள். "தலை போச்சு சார். வால் நம்மதுதான். அதை வச்சே எழுதறேன்."

உலகத்திலேயே வேகமான ஓட்டங்களில் ஒன்றை அளக்கப் போன எனக்கு, சந்தேகம் மட்டும் கேசரியில் இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் வந்து சேர்ந்தது.