மாடி அறை ஆமைகள்

செக்கர் மாமா எங்கள் வீட்டை நோட்டம் விடுகிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான்.

அவர் பக்கத்து வீட்டுக்காரர். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி, டிக்கெட்டைக் காட்டச் சொல்லும் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனையூரில் எங்கள் தெரு முழுவதற்கும் அவர் செக்கர்தான். வேலையை விட்ட பிறகும் அந்தப் பார்வை அவரை விடவில்லை. யார் பையோடு போனாலும் முதலில் பையைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். புத்தகப் பையோடு அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் டிக்கெட் எடுக்காமல் வந்துவிட்ட மாதிரி எனக்குக் கூசும்.

அந்தக் கோடை விடுமுறையில் அவர் காம்பவுண்டுச் சுவர் ஓரத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். கையில் இருக்கும் குழாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கண் எங்கள் மொட்டைமாடியில் இருக்கும். பாத்தி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வந்தாலும் மனிதருக்குத் தெரியாது.

மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை உண்டு. அது சித்தப்பாவின் அறை. சித்தப்பா என் அப்பாவின் தம்பி. தண்ணீர் கேன், செல்போன் உறை, பிராய்லர் கோழி என்று ஆறு மாதத்துக்கு ஒரு தொழில் பார்ப்பார். எந்தத் தொழில் படுத்தாலும் சாயங்காலம் என்னை பைக்கின் முன்னால் உட்கார வைத்துப் பரோட்டா வாங்கித் தருவதில் மட்டும் குறை வைத்ததில்லை. ஒன்பது வயதில் ஒரு மனிதரை நல்லவர் என்று முடிவுகட்ட அது போதுமானதாக இருந்தது. அப்போது அவருக்குத் திருமங்கலத்தில் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிலையான வருமானம் உண்டா என்று பெண் வீட்டிலிருந்து கேட்டு விட்டிருந்தார்கள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எல்லோரையும் கொஞ்சம் உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் மத்தியானம், தெருவே உறங்கும் வேளையில், சித்தப்பா துண்டு போட்டு மூடிய பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினார். என்ன சித்தப்பா என்று கேட்டேன். டைல்ஸ் சாம்பிள் என்றார். இறங்கி வந்தபோது மாடி அறைக்குப் புதுப் பூட்டு தொங்கியது. அதுவரை அந்த அறையை யாரும் பூட்டி நான் பார்த்ததில்லை.

டைல்ஸ் பிராண்டாது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கதவில் காதை வைத்துக் கேட்டபோது உள்ளே கரக் கரக்கென்று பிராண்டும் சத்தம் வந்தது. வெளியே கிடந்த பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, ஜன்னல் இடுக்கு வழியே பார்த்தேன். துண்டு விலகிய கிரேட் நிறைய உருண்டை உருண்டையாக மூட்டைகள். பெரிய எலுமிச்சம்பழம் அளவில், பனியன் துணியில் சுற்றி, மேலே பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அப்படிப்பட்ட உருண்டைகளை நான் டிவி செய்தியில் பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர்கள் வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்கி வைப்பார்கள். கீழே 'நாட்டு வெடிகுண்டுகள் சிக்கின' என்று எழுத்து ஓடும்.

செக்கர் மாமா எதற்காகக் குழாயும் கையுமாக நிற்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கிவிட்டது. சித்தப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு இருந்தேன். மிக்ஸி ஓடினால் தூக்கிவாரிப் போட்டது. அம்மா அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தபோது, இனிமேல் தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு அடுப்பை அணைத்தாள். சித்தப்பா வெளியே போயிருந்தார், அப்பா ஆபீஸில். அறையைக் கூட்டிப் பெருக்குகிறவள் என்பதால் மாற்றுச் சாவியை அவள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

அறைக்குள் அனல் முகத்தில் அடித்தது. அம்மா ஓர் உருண்டையை எடுத்து நகத்தால் டேப்பைக் கிழித்துத் துணியைப் பிரித்தாள். உள்ளே ஓர் ஆமைக்குஞ்சு இருந்தது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. தலையும் காலும் உள்ளே இழுபட்டு, நகர முடியாதபடி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அடுத்ததில் கட்டு நெகிழ்ந்து ஒரு கால் மட்டும் வெளியே நீண்டு கிரேட்டைப் பிராண்டிக்கொண்டிருந்தது. அதையும் பிரித்தாள், அதற்கு அடுத்ததையும். நாலாவதோ ஐந்தாவதோ கையில் எடுத்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பிரிக்காமல் தனியாக வைத்தாள்.

அம்மா டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். குரல் எழும்பாமல் சொன்னாள்.

"எங்க புஞ்சையில மழ பேஞ்சு விட்ட மறுநா இதுக தானா நடந்து வரும். நீ பெறந்ததுக்கப்புறம் ஒண்ணக்கூட நான் பாக்கல. எங்க போச்சுகன்னு இப்பத்தான் தெரியுது."

கீழிருந்து பெரிய பேசினைக் கொண்டுவந்து அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றி, உயிருள்ளவற்றையெல்லாம் பிரித்து உள்ளே விட்டோம். கொஞ்ச நேரம் கல் மாதிரிக் கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி, தண்ணீருக்குள் மூக்கு வரை முக்கிக் குடித்தன. குடித்துக்கொண்டே இருந்தன. அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு தாகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

சித்தப்பாவின் பைக் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி சுற்றி வைக்க வேண்டியிருந்தது. நான் டேப்பை வெட்டிக் கொடுத்தேன். எனக்கு அது பொம்மைக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரியான வேலை. அம்மா ஒவ்வொன்றையும் சுற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

ராத்திரிச் சோறு போடும்போது அம்மா, அறை பெருக்கும்போது ஒன்றிரண்டைப் பார்த்ததாக மட்டும் சொல்லி, சித்தப்பாவிடம் அதைப் பற்றிப் பேசினாள். எங்கிருந்து கொண்டுவந்தாரோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரிந்துகொள்ளப் பிரியமில்லையா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

"நாலு நாள்தான் அண்ணி. ஆளு வந்து எடுத்துக்கிருவான். கோழி வாங்கிட்டு வந்தா கொழம்பு வைக்கிறீங்கள்ல? ஆமைக்குப் போயி இம்புட்டு யோசிக்கிறீங்க."

அம்மா அவர் தட்டில் ரசம் ஊற்றினாள்.

மறுநாளிலிருந்து என் சந்தேகம் அம்மா பக்கமும் திரும்பியது. துணி காயப்போடுகிற சாக்கில் சுவரோரம் நின்று செக்கர் மாமாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மாமா தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் சாமர்த்தியமாக அம்மாவிடமிருந்து விஷயத்தைக் கறக்கிறார் என்று எனக்குப் பதறியது. அன்று சாயங்காலமே கடைக்குப் போகலாம் என்று என்னை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒரு பெட்டிக்கடையில் எனக்கு சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கே தொங்கிய காயின் போனில் காசு போட்டுப் பேசினாள். அவள் கைப்பையில் செல்போன் இருந்தது. அதில் சார்ஜும் இருந்தது, கிளம்பும்போது நான்தான் ஒயரைப் பிடுங்கினேன்.

"சின்னப் பிள்ள இருக்கிற வீடு. காலைல வாங்க, சத்தமில்லாம வாங்க" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. பெண் வீட்டாரைத்தான் ரகசியமாக வரச் சொல்கிறாள், சித்தப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணத்தில் ஏதோ கோளாறு செய்யப் போகிறாள் என்று கணக்குப் போட்டேன். வீடு வரும்வரை அவள் கையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்தேன்.

காலையில் வந்தது பெண் வீட்டார் அல்ல, வனத்துறை ஜீப். காக்கி உடுப்பில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். சித்தப்பா அப்போது வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார். அவர்கள் எந்த அறை என்று யாரையும் கேட்கவில்லை. நேராக மாடி ஏறினார்கள். நான் இதைக் கவனித்தேன். எங்கள் வீட்டை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த யாரோதான் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே தீர்மானித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் செக்கர் மாமாவின் தலை தெரிந்தது.

கூடத்துத் தரையில் சாக்கை விரித்து உருண்டைகளைப் பிரித்தார்கள். உயிரோடிருப்பவை ஒரு பக்கம், செத்தவை ஒரு பக்கம். செத்தவையும் நிறைய இருந்தன. அந்தப் பெண் அதிகாரி அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இதுகளப் பிடிக்கிறதும் குத்தம் சார், வீட்டுல வைக்கிறதும் குத்தம். சூட்கேஸ்ல அடுக்கி பிளேன்ல அனுப்புறாங்க. உசுரோட போயிச் சேர்றது கொஞ்சந்தான். அதுக்காகவே நெறையப் பிடிக்கிறாங்க."

அப்பா கை கட்டி நின்றார். ஜீப்பில் ஏறும் முன் சித்தப்பா திரும்பி, "அண்ணி, பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்க, பயந்துக்கிரும்" என்றார். அம்மா என்னை உள்ளே கூட்டிப் போகவில்லை, ஜீப் தெரு திரும்பும்வரை என் தோளைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

பிழைத்த ஆமைகளைக் கொஞ்ச நாள் வைத்துத் தேற்றி, பாதுகாப்பான காட்டில் விட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. சித்தப்பா ஜாமீனில் வந்தார். திருமங்கலத்துப் பேச்சு அறுந்துபோனது. வழக்குக்கு அலைந்து அலைந்து, கடைசியில் திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். வாங்க வருவதாக இருந்த ஆள் கடைசிவரை வரவில்லை, பிடிபடவும் இல்லை.

காயின் போனில் அம்மா பேசியது வனத்துறையிடம்தான். யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் செக்கர் மாமா. நான் கல்லூரி முடித்த பிறகுதான் அம்மா இதை என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் ஜீப் வந்த அன்று சாயங்காலம் எனக்கு எதுவும் தெரியாது. வனத்துறை ஆபீஸ், வக்கீல் என்று அலைந்து திரும்பிய அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் போய் நின்றார். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா பொதுவாகக் கத்துகிறவர் அல்ல, அன்றும் கத்தவில்லை. தெரிந்தவர்கள் யாரோதான் சொல்லியிருக்கிறார்கள், வீட்டுக்குள் இருப்பவர்களையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, திரும்பி எங்கள் வாசலைப் பார்த்தார். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

செக்கர் மாமாவும் அம்மாவைப் பார்த்தார். குழாயைக் கீழே போட்டார்.

"யாரையும் சந்தேகப்பட வேணாம் தம்பி. நான்தான் சொன்னேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு இல்லை. மாமா சாகும்வரை இல்லை. அப்பா அன்று செருப்புக் காலோடு உள்ளே வந்துவிட்டார். எனக்கோ, இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டது சரியாகப் போனதில் துக்கத்துக்கு நடுவிலும் ஒரு பெருமை. அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். சித்தப்பாவை நினைத்து அழுகிறாள் என்று நான் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதம்மா. அந்தாளச் சும்மா விடக் கூடாதும்மா" என்றேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன்.